தகரத்தில் ஒட்டிய வேர்

"திருடன் எதை எடுத்துட்டுப் போனான்னு ஆளாளுக்குச் சொல்றீங்க. எதை விட்டுட்டுப் போனான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீங்களே?" என்றாள் ஜோதிமணி.

ரிசார்ட் முதலாளி திருமலைச்சாமிக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. கம்பளிக் கோட்டின் பொத்தானைத் திருகியபடி அவளை மேலும் கீழும் பார்த்தார். கோடை மலர்க் கண்காட்சிக்குச் செடிகளை ஒப்படைக்க அன்று மாலைதான் கடைசி. பரிசு தனக்கே என்று கொடைக்கானல் முழுக்க அவர் சொல்லி வைத்திருந்த ஆர்க்கிட், முந்தின நாள் காலையிலிருந்து காணவில்லை.

ஜோதிமணி, பழனி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்தவள். ஏன் விட்டாய் என்று கேட்டால், "தேடச் சொன்னதை மட்டும் தேடத் தெரியல" என்பாள். தனியாகத் தொழில் தொடங்கிய பிறகும் அந்தத் தொல்லை தீரவில்லை. மலைமேல் இருக்கும் விடுதிக்காரர்கள்தான் அவளை அதிகம் கூப்பிடுகிறவர்கள். கூப்பிடும்போதே எந்தப் பதில் வேண்டும் என்பதையும் ஜாடையாகச் சொல்லிவிடுவார்கள்.

"தொட்டியை விட்டுட்டுப் போயிருக்கான்" என்றார் திருமலைச்சாமி. "வெளிநாட்டுத் தொட்டி. நீலப் பூ வேலை பாருங்க. அது போதாதுன்னு என் செடியைப் பிடுங்கிட்டு, இந்தப் பொடிச் செடியை அதுல நட்டு வெச்சிருக்கான். கேலி பண்றான் என்னை!"

ஜோதிமணி குனிந்து பார்த்தாள். தொட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு குட்டி ஆர்க்கிட். இரண்டு இலை, பச்சை முனையோடு நாலைந்து வேர். மரப்பட்டைத் துண்டுகளுக்கும் கரித்துண்டுகளுக்கும் நடுவே ஒவ்வொரு வேரும் மடங்காமல் பதமாகப் பரப்பி வைக்கப்பட்டிருந்தது. இலைகள் சேரும் குருத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. அங்கே தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்று தெரிந்த கை நட்டது அது.

மலையேறி வந்த வழியெல்லாம் அவள் போனில் ஆர்க்கிட் வளர்ப்பைப் பற்றித்தான் படித்துக்கொண்டு வந்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வராமல் தப்பித்தது அவள் புண்ணியம்.

"இந்த வாழைப்பழத் தட்டு எப்பவும் இங்கதான் இருக்குமா?" என்று ஹீட்டர் வைத்த அந்தக் கண்ணாடி அறையின் கோடியைக் காட்டினாள். கதவோரம் ஒரு முக்காலியில், நன்றாகப் பழுத்த மலை வாழைப்பழச் சீப்பு.

"இல்லையே" என்றார் திருமலைச்சாமி. "செடிங்களுக்கு நடுவுல இருக்கும். வர்றவங்க போட்டோ எடுப்பாங்க. அதை யார் அங்க கொண்டுபோய் வெச்சது?"

"உங்க திருடன்தான். பழுக்கிற பழத்துல இருந்து ஒரு வாயு வரும் சார். பக்கத்துல ஆர்க்கிட் இருந்தா மொட்டு விரியாமலே கொட்டிரும்."

அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்த உதவியாளன் முகேஷுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வத்தலக்குண்டுக்காரன், வாய் சும்மா இருந்தால் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். "திருட வந்த இடத்துல மிச்சச் செடிக்கெல்லாம் வைத்தியமும் பாத்துட்டுப் போயிருக்கான். நம்ம ஆபீஸுக்கு வந்தா பாத்திரம் கழுவி வெச்சிட்டுப் போவான் போலக்கா. கதவைத் தொறந்தே போட்டுருவமா?"

"சும்மா இருலே" என்று அடக்கிவிட்டு, காணாமல் போன செடியின் படத்தைக் கேட்டாள் ஜோதிமணி.

திருமலைச்சாமி பெருமையோடு போனை நீட்டினார். அகன்ற இலைகளுக்கு மேல் வில்லாக வளைந்த தண்டு. அதில் வரிசையாகப் பூக்கள். வெந்த ரொட்டியின் மேல்தோல் போல ஒரு தவிட்டுச் சிவப்பு. நடுவில் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நாக்கு. ஜோதிமணி பூவை ஒரு கணம்தான் பார்த்தாள். பிறகு படத்தைப் பெரிதாக்கி வேருக்குப் போனாள். தொட்டிக்கு வெளியே நீண்டிருந்த தடித்த வெள்ளை வேர் ஒன்று அலை அலையாக நெளிந்திருந்தது. மேடு, பள்ளம், மேடு, பள்ளம். எல்லாம் ஒரே அளவில்.

"வேர் ஏன் இப்படி நெளிஞ்சிருக்கு?"

"பிறவியிலேயே அப்படித்தான். நானே உருவாக்கின செடிம்மா இது. விதையில இருந்து இந்த அறையிலயே வளர்ந்தது. வெளிக்காத்தே பட்டதில்ல அதுமேல."

"போலீஸ்ல சொல்லலையா?"

"ஒரு பூச்செடிக்குப் போய் போலீஸா?" என்று சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது. "எனக்குச் செடி சாயங்காலத்துக்குள்ள வேணும். சத்தமில்லாம வேணும். அவ்வளவுதான்."

வெளியே மூடுபனி விடுதியின் தோட்டத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஜோதிமணி கண்ணாடியில் ஊதி, படிந்த ஆவியை விரலால் தேய்த்தாள். யோசிக்கும்போது அப்படித்தான் செய்வாள்.

"முகேஷ், அது சூட்டுல வளர்ற செடி. இந்தக் குளிர்ல ஒரு ராத்திரி வெளிய கெடந்தா செத்துரும். எடுத்தவங்களுக்குச் செடி மேல உசிரு. அப்ப எங்க கொண்டுபோயிருப்பாங்க?"

"சூடான எடத்துக்கு. இந்த ஊர்ல சூடான எடம்னா ரெண்டுதான். ஒண்ணு இவரு ரிசார்ட். இன்னொண்ணு டீக்கடைப் பாய்லர். பாய்லர்ல செடி வளக்க முடியாது."

"கேமராவுல யாரெல்லாம் வந்தாங்கன்னு பாத்தியே?"

"வெளியாள் ஒருத்தரும் இல்லக்கா. வெள்ளனே ரொட்டி வண்டி வந்துச்சு, தட்டை எறக்குனாங்க, காலித் தட்டை ஏத்துனாங்க, போச்சு. ரொட்டி தெனமும் வர்றதுதானே, அதைப் போயி யாரு..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். அவளைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, ரொட்டி அடுப்பு அணையவே அணையாதுல்ல?"

"வண்டியை எடு. எந்த பேக்கரி?"

"பெருமாள்மலை."

பெருமாள்மலை முக்கில் பூண்டு மூட்டை ஏற்றிய லாரிகளும் ஜீப்புகளும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. கடைகளுக்கு நடுவே அந்த பேக்கரி. வாசலில் வர்க்கி பிஸ்கட்டுக்கும் டீக்கும் டிரைவர்கள் கூட்டம். கல்லாவில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், ஸ்வெட்டருக்கு மேல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பன் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைக்கு உரிமைக்காரி, பாண்டிச்செல்வி.

முகேஷ் நயமாக ஆரம்பித்தான். "அம்மா, ரெண்டு வர்க்கி. அப்புறம், உங்க ரொட்டி நல்லா இருக்குன்னு மேல ரிசார்ட்ல..."

"செடியைத் தேடித்தானே வந்தீங்க?" என்றாள் பாண்டிச்செல்வி.

முகேஷ் வாயில் வைத்த வர்க்கியை மென்று முடிக்க மறந்தான்.

"பின்ன என்ன தம்பி? அந்த ஆளு தேடி ஆள் அனுப்பாம இருப்பானா? இந்நேரம் வரைக்கும் காணமேன்னுதான் பாத்துட்டிருந்தேன். செடி உள்ளதான் இருக்கு. ஒளிச்சு வெக்கல. வாங்க, காட்டுறேன்."

அவள் பின்னால் போகும்போது ஜோதிமணிக்கு மனசு லேசாகத் தடுமாறியது. திருடர்கள் அழுது பார்த்திருக்கிறாள், ஓடிப் பார்த்திருக்கிறாள், காலில் விழுந்து பார்த்திருக்கிறாள். விருந்தாளியை அழைத்துப் போவது போல முன்னால் நடந்த திருடரை அவள் பார்த்ததில்லை.

அடுப்புக்குப் பின்புறம் ஒரு சின்ன அறை. காலடி வைத்ததும் மதுரைச் சித்திரை மாதம் முகத்தில் அடித்தது. அடுப்புச் சுவரை மூடி நெளி தகரம் அடித்திருந்தது. அதன் மேல் கைவைத்தால் இளஞ்சூடு. கிழக்கு ஜன்னலில் வெயிலை வடிகட்ட மெல்லிய வெள்ளைத் துணி. தரையில் கூழாங்கல் பரப்பிய தட்டுகளில் தண்ணீர். தேங்காய் மட்டையிலும் கரித்துண்டிலும் உட்கார்ந்திருந்த ஆர்க்கிட்டுகள் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் நடுவே அது. படத்தில் பார்த்ததை விட அழகாக இருந்தது.

"நான்தான் எடுத்தேன்" என்றாள் பாண்டிச்செல்வி. "பின்வாசல்ல நுழையல. விடிஞ்ச பொறவு, வண்டியை முன்னால நிறுத்தி, முன்வாசல் வழியாப் போயி, ரொட்டித் தட்டுல வெச்சு, குளிர் படாமத் துணி போத்தி எடுத்தாந்தேன். என் செடியை நான் எடுத்தேன். அதுக்குப் பேரு திருட்டுன்னா எழுதிக்கங்க."

"உங்க செடியா?"

"ரெண்டு செடியோட பூவை நானே ஈர்க்குச்சியால தொட்டுச் சேத்தேன் தாயி. காய் புடிச்சுச்சு. வெதை மாவு மாதிரி இருக்கும், மண்ணுல போட்டா மொளைக்காது. ஜாம் பாட்டிலை குக்கர்ல அவிச்சு, உள்ள கடல்பாசிக் கூழ் ஊத்தி, அதுல தூவி வெச்சேன். எத்தனையோ பாட்டில் பூஞ்சணம் புடிச்சுப் போச்சு. தப்பிப் பொழைச்சது இது ஒண்ணுதான். பூக்கிறதுக்குள்ள என் மக காலேஜே முடிச்சிட்டா."

முகேஷ் மெதுவாகக் கேட்டான். "அது எப்படி அங்க போச்சு?"

"அந்த ஆளு ஒரு நா பன் வாங்க வந்தவரு, இதைப் பாத்துட்டாரு. குடுன்னாரு. மாட்டேன்னேன். திரும்பத் திரும்ப ஆளை விட்டாரு, மாட்டேன்னேன். வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலின்னு நான் மதுரை ஆஸ்பத்திரியில கெடந்தப்ப கடை பூட்டியிருந்துச்சு. திரும்பி வந்தா ஜன்னல் ஒடைஞ்சு கெடக்கு. கல்லாப்பெட்டி அப்படியே இருக்கு, செடியைக் காணோம். செடி திருட்டுப் போச்சுன்னு சொன்னா யாரு நம்புறா? சிரிச்சாங்க." அவள் ஜன்னல் துணியை இழுத்துச் சரிசெய்தாள். "போன மாசந்தான் அவுக மேனேஜர் மூலமா ரிசார்ட்டுக்கு ரொட்டி போடுற சோலி வந்துச்சு. மொத நா தட்டைத் தூக்கிட்டு உள்ள போறேன், கண்ணாடி ரூம்ல என் புள்ளை நிக்கிது. பக்கத்துல வாழைப்பழத் தட்டு! ரொட்டி கொண்டுபோறவ மூஞ்சியை அந்த ஆளு ஒரு நாளும் ஏறெடுத்துப் பாத்ததில்ல. அது எனக்கு வசதியாப் போச்சு."

ஜோதிமணி தகரத்தின் பக்கம் போனாள். கதை எல்லோருக்கும் இருக்கும். அவளுக்குச் சாட்சி வேண்டும்.

தகரத்தின் மேல் வெள்ளையாகச் சில கோடுகள். உரித்தெடுத்த போஸ்டரின் பசைத் தடம் போல மேடு பள்ளங்களில் ஏறி இறங்கி ஓடின. ஒரு கோட்டின் முடிவில் காய்ந்து சுருங்கிய ஒரு வேர்த்துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் நகத்தால் நெம்பிப் பார்த்தாள். வரவில்லை.

"முகேஷ், செடியைத் தூக்கு. பாத்து!"

முகேஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டியைத் தூக்கி வந்தான். ஜோதிமணி அந்த நெளிந்த வேரை இரண்டு விரலால் ஏந்தி, தகரத்தின் மேல் இருந்த வெள்ளைத் தடத்தில் வைத்தாள். கால் தன் செருப்புக்குள் நுழைவது போல அது உட்கார்ந்தது. மேட்டில் மேடு, பள்ளத்தில் பள்ளம். வேரின் ஒடிந்த நுனி, ஒட்டியிருந்த துண்டின் தலைப்பில் போய் நின்றது.

"பிறவியிலேயே அப்படித்தான்" என்று திருமலைச்சாமியின் குரலில் சொன்னான் முகேஷ்.

ஜோதிமணி சிரிக்கவில்லை. அவள் மனசில் வேறு கணக்கு ஓடியது. இந்த வேலையைக் கொடுத்தவர் திருமலைச்சாமி. மலையில் பாதி விடுதிக்காரர்கள் அவர் சொல்லுக்கு ஆடுகிறவர்கள். செடி கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் சேதாரமில்லாமல் பழனிக்கு இறங்கிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் இந்தப் பெண் இந்தப் பூவை இந்த அறையைத் தாண்டி எங்கும் கொண்டுபோக முடியாது. தன் செடியைத் தானே ஒளித்து வைத்துக்கொண்டு வாழ வேண்டும்.

போனை எடுத்தாள். "சார், செடி கிடைச்சிருச்சு. பெருமாள்மலை பேக்கரிக்கு வாங்க. நேர்ல வாங்க."

பாண்டிச்செல்வி அவளை முறைத்துப் பார்த்தாள். "கூப்பிட்டுட்டியா? நல்லது. வரட்டும். நானும் எத்தனை நாளைக்குத்தான் அந்த ஆளு மூஞ்சியைப் பாக்காம இருக்கிறது?"

திருமலைச்சாமியின் கார் வெரசாகவே வந்தது. கூடவே இரண்டு பேர். டிரைவர்கள் கூட்டம் டீ கிளாஸோடு ஒதுங்கி வழிவிட்டது. அவர் நேராக உள்ளே வந்து, செடியைப் பார்த்து, பாண்டிச்செல்வியைப் பார்த்து, ஒரு விநாடி நிதானம் தப்பிப் பிறகு சமாளித்துக்கொண்டார்.

"சபாஷ் ஜோதிமணி! இவளா? டேய், செடியைத் தூக்குங்கடா."

"ஒரு நிமிஷம் சார்" என்று குறுக்கே நின்றாள் ஜோதிமணி. "இது உங்க செடிதானான்னு உறுதி பண்ணிக்கணும். உங்க செடி விதையில இருந்தே உங்க ரூம்லதான் வளர்ந்ததுன்னு சொன்னீங்க. வெளிக்காத்தே பட்டதில்ல. அப்படித்தானே?"

"ஆமா! எத்தனை தடவை சொல்றது?"

"இந்த நெளிஞ்ச வேர்?"

"அதுதான் அடையாளம்! உலகத்துலயே வேற செடிக்குக் கிடையாது. இது என் செடி."

வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவர் அதைச் சொல்லி முடிக்கும்வரை ஜோதிமணி காத்திருந்தாள். பிறகு விலகி நின்று, வேரைத் தகரத்தில் வைத்துக் காட்டினாள்.

எட்டிப் பார்த்த ஜீப் டிரைவர் ஒருவர், "அட, அச்சுல வார்த்த மாதிரியில்ல இருக்கு!" என்றார்.

"ஆர்க்கிட் வேர் எதுல ஒட்டுதோ அதோட வடிவத்தை எடுத்துக்கும் சார். பிய்ச்சாலும் மாறாது. உங்க கண்ணாடி ரூம்ல நெளி தகரம் கிடையாது. இங்க இருக்கு. ஒடிஞ்ச நுனியும் இங்கதான் இருக்கு. அதான் நீங்க போலீஸுக்குப் போகல. அவங்க கேக்குற மொதக் கேள்வியே செடி எங்கிருந்து வந்துச்சுன்னுதானே இருக்கும்?"

திருமலைச்சாமியின் முகம் அடுப்புச் செங்கல் நிறத்துக்கு வந்தது. "நீ யாருக்கு வேலை பாக்குற?"

"காணாமப் போன செடியைக் கண்டுபிடிக்கச் சொன்னீங்க. கண்டுபிடிச்சிட்டேன். காணாமப் போனது உங்க வீட்லன்னுதான் தப்பாச் சொல்லிட்டீங்க."

"இந்த மலையில இனி ஒரு கேஸ் கிடைக்காது உனக்கு. பாத்துடுறேன்!"

"பாருங்க சார். மலைக்குக் கீழயும் ஊர் இருக்கு."

சொன்ன பிறகுதான் தன் குரல் நடுங்கவில்லை என்பதை அவளே கவனித்தாள். போலீஸ் வேலையை விட்ட அன்றுகூட இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

திருமலைச்சாமி பாண்டிச்செல்வியின் பக்கம் திரும்பினார். "அப்படியே இருந்தாலும், என் அறைக்குள்ள வந்து கைவெச்சிருக்கே நீ. என் தொட்டியில எதையோ நட்டு வெச்சு என்னைக் கேலி வேற பண்ணியிருக்கே!"

"கேலியா?" பாண்டிச்செல்விக்கு நிஜமாகவே புரியவில்லை. "அது இதோட குட்டிங்க. உங்க வீட்ல இருந்தப்ப பழைய பூத்தண்டுல மொளைச்சது. அதனால அது உங்களுது. அடுத்தவுக பொருளை நான் எதுக்குத் தூக்கிட்டு வரணும்? அறுத்து, நட்டு, உங்ககிட்டயே விட்டுட்டு வந்தேன். குருத்துல தண்ணி நிக்காமப் பாத்துக்கங்க. பழத்தட்டைத் திரும்ப அங்க வெச்சிராதீங்க."

டிரைவர்கள் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று சிரிப்பு வாசல்வரை போய் ரோட்டில் இறங்கியது. திருமலைச்சாமியோடு வந்த இருவரில் ஒருவன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாளையில இருந்து உன் ரொட்டி வேண்டாம்!" என்று உறுமினார் திருமலைச்சாமி.

"நான் குடுத்தாத்தானுங்களே" என்றாள் பாண்டிச்செல்வி.

கார் கிளம்பிப் போனதும் அவள் மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஜோதிமணியைப் பார்த்தாள். "கண்காட்சிக்கு இன்னும் நேரம் இருக்கா?"

"இருக்கு. போறீங்களா?"

"போகாம? அவரு பேர்ல அந்த மேடையில நிக்க இருந்த செடி. என் பேர்ல நிக்கட்டும். வண்டியில அடுப்புச் சூட்டோட ரெண்டு தட்டு ரொட்டி ஏத்து தம்பி. செடிக்குக் குளிராது."

"மலர்க் கண்காட்சிக்கு ரொட்டிக் காவலோட போற மொதப் பூ இதுவாத்தான் இருக்கும்" என்று முகேஷ் தட்டைத் தூக்கினான். "வழியில பசிச்சா காவலைத் தின்னுக்கலாம்."

மூடுபனிக்குள் ரொட்டி வண்டி மலையேறியது. ஓட்டியது பாண்டிச்செல்வி. பக்கத்தில் ஜோதிமணி, மடியில் செடி. வளைவு வரும்போதெல்லாம் தண்டு அசையாமல் விரலால் அணைத்துக்கொண்டாள்.

பூங்காவில் செடிகளை வாங்கி வைக்கும் பந்தலில் கூட்டம். திருமலைச்சாமி அங்கேயும் வந்திருந்தார். வேறு சில முதலாளிகளோடு முன்வரிசையில் நின்று, வண்டியிலிருந்து இறங்கிய அவர்களைக் கண்கொட்டாமல் பார்த்தார். செடியை ஏந்தியிருந்த பாண்டிச்செல்வியின் கால் ஒரு கணம் தயங்கியதை ஜோதிமணி கவனித்தாள். அவ்வளவு பேர், அத்தனை கோட்டு, அத்தனை கண். செடியை வாங்கிக்கொள்ள ஜோதிமணி கையை நீட்டினாள். பாண்டிச்செல்வி தலையசைத்து மறுத்துவிட்டு, தானே சுமந்து நடந்தாள்.

பந்தலின் நடுவில் செடியை வைத்துத் துணியை விலக்கியதும் பேச்சுச் சத்தம் அடங்கியது. மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள் பொறுப்பாளர் ஜெயப்பிரியா. பூவைச் சுற்றி வந்தாள். நெளிந்த வேரைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். திருமலைச்சாமி செடியின் படத்தை எல்லோருக்கும் காட்டியிருந்தார், அவளுக்கும் காட்டியிருப்பார். அவள் பார்வை அவரிடம் போயிற்று. பிறகு மாவு ஒட்டிய அந்த ஸ்வெட்டருக்கு வந்தது.

"இதை வளர்த்தது யாரு?" என்று பொதுவாகக் கேட்டாள்.

திருமலைச்சாமி ஓர் அடி முன்னால் வந்தார். வாயைத் திறந்தார்.

"நான்" என்றாள் பாண்டிச்செல்வி, பந்தலின் கடைசிவரை கேட்கும்படி.